மூக்கைத் தூக்கும் டிஃபரன்ஷியலும் மூன்று நூல் போல்ட்டும்

தண்டையார்பேட்டையில் அப்பாவின் பழைய குடோனில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பிரிட்டிஷ் காரான லோட்டஸ் செவன் பாணியில் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றைக் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. ஒரு இஞ்ச் சதுரக் குழாயில் பிரேம் முடிந்துவிட்டது. விபத்தில் நசுங்கிய மாருதி ஈகோ ஒன்றின் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் கையில் இருக்கின்றன. ஆனால் அந்த ஆக்சிலை ஓரம் வைத்துவிட்டு, பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றின் டிஃபரன்ஷியலை (இன்ஜின் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) தனியாக வாங்கி, இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி செய்ய ஆசை. அதை பிரேமில் எப்படிப் பிடிப்பது என்பது முதல் கேள்வி. கடைக்காரர் ஒரு பை நிறையக் கறுப்பு ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) கொடுத்து, இதைவிடப் பலமானது கிடையாது என்கிறார். நண்பர் ஸ்டெயின்லெஸ்தான் போட வேண்டும், காசிமேட்டுக் கடற்காற்றுக்கு மற்றதெல்லாம் துருப்பிடிக்கும் என்கிறார். யார் சொல்வது சரி என்பது இரண்டாவது.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பதால் சேர்த்தே சொல்கிறேன். நான் முப்பது வருடம் லேத்தில் நின்றவன். எண்ணூர் சாலையில் ஓடும் கண்டெய்னர் லாரிகளின் ஆக்சில் வேலைதான் அதில் பாதி. கார் கட்டியது இரண்டே இரண்டு. அதில் ஒன்று தோல்வி. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வண்டியைச் சாலையில் ஓட்டலாம் என்ற கனவில் இருந்தால், பதிவு அவ்வளவு எளிதில் நடக்காது. பதிவான வண்டியின் விவரங்களுக்கு மாறாக அதை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. புதிதாக ஒரு வண்டி என்றால் மாதிரி வண்டிக்கான சோதனை, சான்றிதழ் என்று போகும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவதற்காகக் கட்டுகிறோம் என்று நினைத்தே கட்டுங்கள். நான் பையனாக இருந்தபோது சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் பார்க்க பஸ் ஏறிப் போவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. அம்பாசிடர், ஃபியட் சாமான்களைப் பிரித்துக் கட்டிய வண்டிகள் அங்கே ஓடும். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி என்றுதான் உங்கள் குடோனை நான் பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஈகோவின் பின் ஆக்சிலையே போடுங்கள். 1957இல் வந்த அசல் செவனே ஒற்றை ஆக்சிலோடுதான் ஓடியது. அதனால் யாரும் அதைக் கேவலமாகப் பேசியதில்லை. ஈகோ ஆக்சில் ஏற்கெனவே காயில் ஸ்பிரிங்கும் இணைப்புத் தண்டுகளும் சேர்ந்து நிற்கிற அமைப்பு. பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு என்ன செய்வது என்ற தலைவலி இல்லை. டிஃபரன்ஷியலின் உதறலை ஆக்சில் வீடும் (அதன் வெளிக்கூடு) தண்டுகளும் வாங்கிக்கொள்ளும். உங்கள் மெல்லிய பிரேம் நேரடியாக வாங்காது. தனித்தனி சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் டிஃபரன்ஷியலை பிரேமிலேயே இறுக்க வேண்டும், பக்கத்துக்கு ஒரு டிரைவ் ஷாஃப்ட், வளைந்தபடியே சுழலும் அதன் சிவி ஜாயிண்ட், ஹப், அதற்கான ஆர்ம் எல்லாம் வேண்டும். ஒரு சாமானுக்கு ஒரு வண்டி என்று, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் பொறுக்கினால் ஒன்றின் மரை இன்னொன்றோடு சேராது.

ஆக்சில் அகலமாக இருக்கிறதே என்று அதன் ஷாஃப்டை அறுத்து நடுவில் வெல்டிங் வைத்துச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம். அது சூடேற்றிப் பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் வைத்த இடத்தில் ஒரு பக்கம் மிருதுவாகும், பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி நொறுங்கும். சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முனையில் புதிதாக ஸ்பிளைன் (நீளவாட்டுப் பற்கள்) வெட்டிக் கொடுக்கிற பட்டறையில் கொடுங்கள். அதைவிட, சக்கரக் காவலை அகலமாக்கிக்கொள்வது மலிவு.

வாங்கியது எந்த டிஃபரன்ஷியல் ஆனாலும், அதைப் பிரிப்பதற்கு முன்னால் வெளியிலேயே பாருங்கள். பினியன் (ஷாஃப்ட் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) ஃபிளேஞ்சை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அசைவு தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பிறகு மெதுவாகத் திருப்புங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும், இல்லாமலும் இருக்கக் கூடாது. கிரவுனுக்கும் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பினியனுக்கும் இடையே பல் இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்கும், டயல் கேஜ் வைத்தால்தான் தெரியும். ஆயில் பிளக்கைக் கழற்றி விரலை விடுங்கள். ஆயிலில் மின்னும் தூள் லேசாக இருந்தால் வயது. துண்டு துண்டாக வந்தால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். பில் வாங்காமல் எதையும் எடுக்காதீர்கள், யாருடைய வண்டி என்று நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

பல் விகிதத்தைக் கடைக்காரர் சொல்வதை வைத்து நம்ப வேண்டாம். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு பக்கம் நின்றால் மறு பக்கம் கிரவுனைவிட இரண்டு மடங்கு சுற்றும் என்பதால் இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்று. பினியன் நான்கரையைச் சற்றுத் தாண்டினால் 41க்கு 9 பல் மாதிரி ஒன்று. பல்லையே எண்ணிவிட்டால் இன்னும் நல்லது.

நல்ல நிலையில் இருந்தால் பிரிக்காதீர்கள். பினியனுக்கும் கிரவுனுக்கும் உள்ள ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய வளையம்) கணக்கு ஒருமுறை கலைந்தால், புளூ (நீலச் சாயம்) தடவிப் பல்லில் எங்கே பதிகிறது என்று பார்த்து மறுபடி கொண்டுவருவது ஒரு வார வேலை. பதிவு பல்லின் உள்முனைப் பக்கம் கூடினால் கிரவுனைப் பினியனிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். வெளிமுனைப் பக்கம் கூடினால் நெருக்க வேண்டும். பல்லின் உச்சியில் பதிந்தால் பினியன் இன்னும் உள்ளே போக வேண்டும், அடிவாரத்தில் பதிந்தால் பின்வாங்க வேண்டும். இது தெரிந்தும் எனக்கே ஒவ்வொரு முறையும் கை நடுங்கும். ஆயில் சீல் மட்டும் மாற்றுவது என்றாலும் பினியன் நட்டைக் கழற்றும் முன் நட்டுக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஒரு பஞ்ச் புள்ளி வையுங்கள். பல வண்டிகளில் பினியனில் நசுங்கும் ஸ்லீவ் இருக்கும், அதை இன்னும் நசுக்கிவிட்டால் பேரிங் இறுகிப் போகும்.

எங்கள் பழைய தோஸ்து ஒருவன் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டின் உயரத்தைக் குறைக்க ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினான். வெல்டிங் எல்லாம் முடிந்து, பெயிண்ட் அடித்து, முதல் கியர் போட்டு கிளட்ச்சை விட்டால் வண்டி பின்னால் போகிறது. நாலு ரிவர்ஸ் கியர், ஒரு முன் கியர். தலைகீழானால் கிரவுன் பினியனின் மறுபக்கம் போய்விடும், சக்கரம் எதிராகச் சுற்றும். பட்டறையில் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது. பிரீதர் (காற்றுத் துளை) எங்கே, ஆயில் பிளக் எங்கே, பினியன் பேரிங்குக்கு ஆயில் எப்படிப் போகிறது என்பதெல்லாம் ஆக்சில் நேராக நிற்பதை நம்பியே அமைத்தவை.

இப்போது பிரேமில் பிடிப்பது. நீங்கள் கேட்டபடி டிஃபரன்ஷியல் தனியாக பிரேமில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பினியன் கிரவுனைச் சுழற்றும்போது கிரவுன் அதே பலத்தோடு வீட்டைத் திருப்பித் தள்ளும். சக்கரம் முன்னோக்கி உருள, டிஃபரன்ஷியலின் மூக்கு (பினியன் இருக்கும் முன்முனை) மேலே எழும்பப் பார்க்கும். எவ்வளவு பலத்தில்? ஈகோவின் 1.2 லிட்டர் இன்ஜின் கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது. முதல் கியரை மூன்றரை என்றும் டிஃபரன்ஷியலை நாலு என்றும் குத்துமதிப்பாக வைத்தால் சக்கர அச்சில் 1,400 நியூட்டன் மீட்டர். உங்கள் முன், பின் மவுண்டுகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர் இருந்தால், முன் மவுண்டை மேலே தள்ளும் பலம் 4,600 நியூட்டனுக்கு மேல், அதாவது 470 கிலோ. கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் அதன் இரண்டு மடங்கு வரும். பத்து மூட்டை அரிசியை அந்த ஒரு மவுண்டில் அடியிலிருந்து ஜாக்கி வைத்துத் தூக்குகிறீர்கள்.

டிஃபரன்ஷியல் கனமானது, கீழே விழுந்துவிடும் என்ற பயத்தில் எல்லாரும் கீழே தாங்கலைப் பலமாகச் செய்வார்கள். மூக்கு மேலே போவதைத் தடுக்க யாரும் யோசிப்பதில்லை. மவுண்டுகளை முடிந்தவரை முன்னும் பின்னுமாகத் தூரம் தள்ளி வையுங்கள். இடைவெளி 30 சென்டிமீட்டரிலிருந்து 45 ஆனால் அந்த 470 கிலோ 310 ஆகிவிடும். தடிமனான தகடு போடுவதைவிட இது மலிவு. முன் மவுண்டில் ரப்பர் புஷ் இருக்கட்டும், ஆனால் ரப்பர் கிழிந்தாலும் மூக்கு எழும்பாதபடி மேலே ஒரு தடுப்புத் தகடு வையுங்கள். இரும்போடு இரும்பாக இறுக்குவது பந்தய வண்டிக்காரர்களின் வழி, சத்தம் காதைப் பிளக்கும், பிரேமின் ஒட்டுகளில் வெடிப்பு விடும். பாலியூரிதேன் நடுவழி.

உங்கள் பிரேம் ஒரு இஞ்ச் சதுரக் குழாய், சுவர் 1.6 மில்லிமீட்டர் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் குழாயில் நேரே துளை போட்டு போல்ட்டை விட்டு இறுக்கினால் குழாய் நசுங்கும். நசுங்கியதும் போல்ட் தளரும். நீங்கள் மறுபடி இறுக்குவீர்கள், அது மறுபடி நசுங்கும். துளையைப் பெரிதாகப் போட்டு, தடித்த சுவர் கொண்ட ஒரு ஸ்லீவ் குழாயைக் குறுக்கே செருகி இரண்டு பக்கமும் பத்த வைத்து, அதற்குள் போல்ட் போக வேண்டும். இறுக்கம் ஸ்லீவின் மேல் உட்காரும், குழாயின் மேல் உட்காராது. இதைச் செய்யாத பிரேமை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன், துளையைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்திருக்கும்.

ஈகோ ஆக்சிலையே போட்டால் தண்டுகளின் காதுகளை (அவற்றைப் பிடிக்கும் துளையிட்ட தகடுகள்) ஆக்சில் குழாயில் வெல்டிங் வைக்க நேரிடும். ஒரே மூச்சில் வைத்தால் குழாய் வாழைப்பழம் மாதிரி வளையும். சின்னச் சின்னத் துண்டாக, எதிரெதிர்ப் பக்கமாக, ஆறவிட்டு வையுங்கள். காது எப்போதும் இரண்டாக இருக்கட்டும், தண்டின் புஷ் நடுவில். ஒற்றைக் காதில் தொங்கும் போல்ட் வெட்டுப்படுவதற்கு முன் வளையும். இன்னொன்று, ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் ஷாஃப்டின் கோணம் பற்றி சுருக்கமாக. கியர்பாக்ஸின் அச்சும் பினியனின் அச்சும் இணையாக இருக்க வேண்டும், இரண்டு கிராஸ் ஜாயிண்டிலும் ஒரே அளவு கோணம் வர வேண்டும். ஒன்று முதல் மூன்று பாகை நல்லது. பூஜ்ஜியமும் நல்லதல்ல, நீடில் பேரிங் ஒரே இடத்தில் நின்று குழி விழும். இரண்டு முனையின் நுகமும் (ஜாயிண்டைப் பிடிக்கும் கவை) ஒரே கோட்டில் இருக்கட்டும். ஷாஃப்டைச் சுருக்கிய பிறகு பேலன்ஸ் பார்க்காமல் ஓட்டாதீர்கள், அதைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் போடுங்கள். ஜாயிண்ட் அறுந்தால் ஷாஃப்ட் உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில்தான் சுழலும்.

டிஃபரன்ஷியலுக்கு ஆயில் ஜிஎல்-5 வகை 80டபிள்யூ-90. அதே ஆயிலை மீதி இருக்கிறதே என்று கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள், பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும்.

போல்ட்டுக்கு வருவோம். இங்கேதான் நான் என் தோல்விக் காரைச் சொல்ல வேண்டும். அம்பாசிடர் ஆக்சில் போட்டு நாங்கள் கட்டிய வண்டி அது. மூன்றாவது நாள் கியர் மாற்றும்போதெல்லாம் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். போல்ட் அறுந்திருக்கும் என்று பயந்து கீழே படுத்துப் பார்த்தால் போல்ட் எல்லாம் முழுசாக இருக்கிறது. ஆனால் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அழகாக இருக்கட்டும் என்று பிராக்கெட்டுக்கும் பிரேமுக்கும் மூன்று கோட்டு பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்ட்டுக்கு மேலேயே இறுக்கியிருந்தோம். ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கி ஓரமாக ஒதுங்கியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இடைவெளி. அவ்வளவு போதும் பிடி விட்டுப்போக.

போல்ட்டின் வேலையை ஆணியின் வேலை மாதிரி நினைக்கிறோம். போல்ட் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீளும், நீண்ட அளவுக்கு இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடிக்கும், அந்தப் பிடியின் உராய்வில்தான் பாரம் தாங்கப்படுகிறது. 8.8 தரத்தில் ஒரு எம்12 (12 மில்லிமீட்டர்) போல்ட்டைச் சரியாக இறுக்கினால் ஏறத்தாழ 38 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட நாலு டன் பிடி கிடைக்கும். எம்10 என்றால் இரண்டரை டன். அந்த 470 கிலோ இதற்கு முன் ஒன்றுமே இல்லை. பிடி தளர்ந்த பிறகு அதே போல்ட் சுத்தியலடி வாங்கும் ஆணிதான்.

தலையில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரைக் கேட்கவே வேண்டாம். 8.8இல் முதல் 8 என்பது 800 மெகாபாஸ்கல் இழுவலிமை. அடுத்த 8 என்பது அதில் 80 சதவீதத்தில், அதாவது 640இல், நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. 10.9க்கு 1,000, 900. 12.9க்கு 1,200, 1,080. எண்ணே இல்லாமல் கிலோ கணக்கில் நிறுத்துப் போடுவது கிரில் கேட்டுக்கு ஆகும். உங்கள் கடைக்காரர் கொடுத்த கறுப்பு ஆலன் போல்ட் 12.9. பலமானது உண்மைதான். ஆனால் கடினம் கூடக் கூட நீளும் பொறுமை குறையும். அதைத் துத்தநாக முலாம் பூசக் கொடுத்தால் முலாம் பூசும்போதே ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, இறுக்கிய சில நாள் கழித்து யாரும் தொடாமலேயே தலை கழன்று விழக்கூடும். முலாம் இல்லாமல் விட்டால் உங்கள் குடோனில் ஒரு மழைக்காலத்தில் துரு. ஆலன் தலை சிறியது, மெல்லிய தகட்டில் புதையும். டிஃபரன்ஷியல் மவுண்டுக்கும் சஸ்பென்ஷன் தண்டுகளுக்கும் அறுகோணத் தலை 8.8 போதும். ஏற்கெனவே 10.9 இருந்த இடத்தில், உதாரணமாகக் கிரவுனை இறுக்கும் போல்ட்டில், அதே 10.9 அல்லது கம்பெனி கொடுத்ததையே புதிதாகப் போடுங்கள்.

நண்பரின் ஸ்டெயின்லெஸ்? ஏ2-70 என்று தலையில் இருக்கும். இழுவலிமை 700, நீளத் தொடங்குவது 450இல். 8.8ஐவிடக் குறைவு. நட்டும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தால் இறுக்கும்போதே மரை ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பாடி தகடு, மட்கார்டு, நம்பர் பிளேட் இவற்றுக்குப் போடுங்கள், காசிமேட்டுக் காற்றுக்கு நல்லதுதான். ஓடும் பாகத்தில் வேண்டாம். துருவுக்கு வழி, முலாம் பூசிய 8.8 போட்டு, இறுக்கிய பிறகு வெளியே மெழுகோ கிரீஸோ தடவுவது. உள்ளே தடவி இறுக்காதீர்கள். உராய்வு குறைந்து, அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

மரை பற்றிச் சொல்லாமல் கடைக்கு அனுப்பக் கூடாது. நம் ஊரில் போல்ட் கடைக்காரர் இன்னமும் நூல் கணக்கில் பேசுவார். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பாகம். மூன்று நூல் என்றால் 3/8 இஞ்ச், 9.5 மில்லிமீட்டர். இரண்டரை நூல் 5/16, நாலு நூல் அரை இஞ்ச். “பத்து எம்எம் இல்லை, மூணு நூல் போடுங்க, ஒண்ணுதான்” என்பார். ஒன்றில்லை. இரண்டரை நூல் போல்ட் 7.94 மில்லிமீட்டர், எம்8 நட்டில் ஒன்றிரண்டு சுற்றுப் போகும், அப்புறம் கடிக்கும். அப்போது ஸ்பேனரை எடுப்பவன் மரையைக் கெடுக்கிறான். பழைய பிரிட்டிஷ் அளவான விட்வர்த் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க அளவான யூஎன்சியும் மெட்ரிக்கும் 60. அரை இஞ்சில் விட்வர்த்துக்கு இஞ்சுக்கு 12 மரை, யூஎன்சிக்கு 13. மூன்று நூலில் இரண்டுக்குமே 16, அதனால் விரலுக்கு ஏமாற்றம் இன்னும் அதிகம்.

மெட்ரிக்கிலேயும் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) மாறும். எம்10 சாதாரணமாகக் கடையில் 1.5 பிட்ச், ஜப்பானிய வழி வந்த மாருதி வண்டிகளில் 1.25 நிறைய வரும். எம்12 கடையில் 1.75, வண்டியில் பெரும்பாலும் 1.25. அம்பாசிடர் சாமான் என்றால் பெரும்பாலும் நெருக்கமான மரை உள்ள யூஎன்எஃப்: மூன்று நூலுக்கு இஞ்சுக்கு 24 மரை. அங்கே தலையில் எண் இருக்காது, கோடு இருக்கும். மூன்று கோடு கிரேடு 5, கிட்டத்தட்ட 8.8க்குச் சமம். ஆறு கோடு கிரேடு 8, ஏறக்குறைய 10.9. ஒரு பிட்ச் கேஜ் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதன் பிராக்கெட்டிலேயே விரலால் திருப்பி வையுங்கள். பெயிண்ட் டப்பாவில் கொட்டி வைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

வாங்க எங்கே போவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். பாரிமுனையில் இறங்கி செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டித் தெரு, பிராட்வே பக்கம் நடந்தால் போதும். சனிக்கிழமை மதியம் போகாதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது. எச்டி (ஹை டென்சைல்) போல்ட் என்று கேளுங்கள், உடனே தரமும் பிட்சும் நீளமும் சொல்லுங்கள்: “எம்12, 1.25 பிட்ச், 80 நீளம், 8.8, ஆஃப் த்ரெட்”. கடைசி வார்த்தை முக்கியம். தலை வரை மரை உள்ள ஃபுல் த்ரெட் போல்ட்டில் தகடுகள் உராயும் இடத்தில் மரை வந்து உட்காரும், மரையின் அடிதான் போல்ட்டின் மிக மெல்லிய இடம். ஆஃப் த்ரெட்டில் எம்12க்கு முனையிலிருந்து 30 மில்லிமீட்டர் மரை இருக்கும், 80 நீளத்தில் மீதி 50 வழவழப்பான தண்டு. காதுகளின் வெளி அளவு 48 இருந்தால் கச்சிதம். தண்டு வெளியே நீண்டால் நட்டு அதில் முட்டி நிற்கும், இறுகியது மாதிரி ஏமாற்றும். அதற்கு ஒரு வாஷர்.

போலி உண்டு. தலையில் தர எண்ணோடு தயாரிப்பாளரின் குறியும் இருக்க வேண்டும் என்பது தரநிலை. டிவிஎஸ் என்று பொறித்து வருவது சுந்தரம் பாசனர்ஸ் தயாரிப்பு, நம் ஊர் சரக்கு. எண் மட்டும் இருந்து குறி இல்லாத போல்ட்டை விட்டுவிடுங்கள். டிஃபரன்ஷியலுக்கென்று வாங்கியதில் ஒன்றை எடுத்து, அம்பத்தூர் பக்கம் ஹீட் ட்ரீட்மெண்ட் செய்யும் இடம் ஒன்றில் கடினம் பார்க்கச் சொல்லுங்கள். 8.8 ராக்வெல் சி அளவில் 22 முதல் 32க்குள் இருக்கும், 10.9 என்றால் 32 முதல் 39. ஒருமுறை நாங்கள் பார்த்ததில் 8.8 என்று பொறித்தது கிரில் கம்பி அளவுக்குத்தான் வந்தது. வாங்கிய கடைக்குத் திரும்பிப் போனோம். கடைக்காரர் டீ சொன்னார், பணம் தரவில்லை.

நட்டும் தரத்தில் பொருந்த வேண்டும், 8.8க்கு 8, 10.9க்கு 10. ஸ்பிரிங் வாஷர் இந்த இறுக்கத்தில் சப்பையாகப் படுத்துவிடும், அது வேலை செய்கிறது என்பது மனத் திருப்தி மட்டுமே. கடினமான தட்டை வாஷரும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் இருக்கும்) போடுங்கள். நைலாக்கின் நைலான் 120 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு மேல் தாங்காது, சைலன்சர் பக்கத்திலும் பிரேக் பக்கத்திலும் முழு இரும்பு லாக் நட்டு. ஒருமுறை கழற்றிய நைலாக்கைப் பிரேமை ஒட்டிப் பார்க்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கடைசிப் பூட்டுக்குப் புதிது. கிரவுன் போல்ட்டுக்கு மரைப் பசை. இறுக்கம் எம்10 8.8க்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12க்கு 80 முதல் 85. மெக்கானிக் கிலோ கணக்கில் சொன்னால் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையளவில் இறுக்குகிறேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். முப்பது வருடக் கை எனக்கு, ரெஞ்ச் வைத்துப் பார்த்தபோது என் கையளவு ஒரு நாளைக்கு 60, இன்னொரு நாளைக்கு 95.

வரிசையாகச் சொன்னால் இப்படிச் செய்யுங்கள். முதலில் ஆக்சிலை மலிவான போல்ட்டில் தொங்கவிட்டு, கோணம், ஷாஃப்ட் நீளம், சக்கரம் மட்கார்டில் இடிக்கிறதா எல்லாம் பாருங்கள். பத்த வைத்து முடிந்ததும் கழற்றி, பெயிண்ட் அடியுங்கள். அடிக்கும்போது பிராக்கெட்டும் பிரேமும் முகத்தோடு முகம் சேரும் இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி வெறும் இரும்பாக விடுங்கள். அப்புறம் நல்ல போல்ட், டார்க் ரெஞ்ச், ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட் முனை, நட்டு, தகடு மூன்றையும் தொட்டு மஞ்சள் பெயிண்டில் ஒரே கோடு. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கீழே படுத்துப் பாருங்கள். எந்த நட்டில் கோடு உடைந்திருக்கிறதோ அந்த இடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இறுக்கிவிட்டு அனுப்பாதீர்கள், இறுக்குவதற்கு முன்னால் அனுப்புங்கள்.